கட்டுபடியாகாத சொற்கள்

ஈப்போ பழைய நகரில் ஒரு காலத்தில் ஒயிட்அவே லெய்ட்லா என்றொரு கடை இருந்தது. கல்கத்தாவில் தொடங்கி ரங்கூன், பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று துரைமார் குடியேறிய ஊர்களிலெல்லாம் கிளை விட்ட சீமைச் சாமான் கடை அது. தொப்பி, காலுறை, பீங்கான் எல்லாம் கிடைக்கும். கடன் மட்டும் கிடைக்காது. ரொக்கம் வைத்தால்தான் சரக்கு கைக்கு வரும். அந்நாளைய துரைமாருக்கு இது விசித்திரமாகப் பட்டது. கிளப்பிலும் மற்றக் கடைகளிலும் அவர்கள் காசைத் தொடுவதே அபூர்வம். 'சிட்' என்ற துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்துவிடுவார்கள். மாதம் முடிந்ததும் கணக்கு வீடு தேடி வரும். காசை உடனே கேட்ட கடைக்கு அவர்கள் சூட்டிய பட்டப்பெயர் 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்'. கடைப் பெயரின் ஓசையைத் திரித்தே, 'இப்பவே எடு, இப்பவே கொடு' என்ற கிண்டல்.

சுங்கை சிப்புட், பாகான் செராய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கதை வேறு. மளிகைக் கடையில் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் வாங்கினால் கடைக்காரர் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அட்டையில் 555 என்று அச்சிட்ட நோட்டு அது. அதனால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது '555 புத்தகம்' ஆயிற்று. சம்பளத்தன்று தீர்க்க வேண்டும். தீராத பாக்கி அடுத்த மாதத்தின் தலையில் ஏறும். துரை வாங்கியதும் கடன், பால்வெட்டுக்காரர் வாங்கியதும் கடன். துரை தானே கையெழுத்துப் போட்டார், தொழிலாளிக்காகக் கடைக்காரர் எழுதினார். அது 'சிட்', இது 'பற்று'. முதலாவதை யாரும் ஏழ்மை என்று சொன்னதில்லை.

வாங்க முடியாத பொருளைப் பற்றி ஆங்கிலத்தில் எப்படிப் பேசுவது என்பது மொழிப் பயிற்சி நூல்களில் அரைப் பக்கச் சமாச்சாரம். 'டூ எக்ஸ்பென்சிவ்', 'கான்ட் அஃபோர்ட்', 'காஸ்ட்ஸ் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்று நாலைந்து தொடர்களைப் பட்டியல் போட்டு, எதிரே பொருள் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். ஈப்போவில் சில ஆண்டுகள் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை இல்லை. என் வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள். அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் கூடவே வரும் கூச்சம்தான் தடையாக இருந்தது. அந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு இலக்கணத்திலிருந்தே வருகிறது என்பது என் எண்ணம்.

தமிழில் "எனக்குக் கட்டுபடியாகாது" என்கிறோம். இந்த வாக்கியத்தில் கட்டுபடியாகாதது எது? விலை, அல்லது பொருள். 'நான்' எழுவாயாக இல்லை. நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். குறை அந்தப் பக்கம். இன்னொரு விசேஷம், விற்பவரும் இதையேதான் சொல்வார்: "இந்த வெலைக்குக் குடுத்தா எனக்குக் கட்டுபடியாகாதும்மா." வாங்குபவரும் விற்பவரும் ஒரே வினையை எதிரெதிரே நின்று வீசிக்கொள்கிறார்கள். யாருக்கும் தலைகுனிவு இல்லை. பேரம் என்ற விளையாட்டே இந்தச் சமத்துவத்தின் மேல்தான் நடக்கிறது.

ஆங்கிலத்தில் "ஐ கான்ட் அஃபோர்ட் இட்". முதல் சொல்லே 'நான்'. இரண்டாவது 'இயலாது'. பொருள் கடைசியில் ஒரு சின்ன 'இட்' ஆகச் சுருங்கிவிடுகிறது. 'அஃபோர்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் முன்னெடுத்துச் செல்லுதல், நிறைவேற்றுதல் என்ற பொருளில் புழங்கிய சொல்லின் வழிவந்தது. இன்று காசு என்ற பொருளில் அது 'கேன்' அல்லது 'கான்ட்' என்ற துணை இல்லாமல் நடப்பதே அரிது. அதாவது, அந்த வினையைச் சொல்ல வேண்டுமென்றால் உன் இயலுமையையோ இயலாமையையோ சேர்த்தே சொல்லியாக வேண்டும். விற்பவரும் இந்த வினையைப் பயன்படுத்தலாம்தான், ஆனால் ஈப்போ ஜாலான் லாஹாட் கடைத்தெருவில் எந்தக் கடைக்காரரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மலாய் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறது. "சாயா தாக் மாம்பு" என்பதிலும் நான்தான் முன்னால் நிற்கிறேன். 'மாம்பு' என்ற சொல்லுக்கு இயலும் என்றும் பொருள், வசதி படைத்த என்றும் பொருள். அதிலிருந்து அரசாங்கக் கடிதங்களில் 'கோலோங்கான் குராங் பெர்க்கமாம்புவான்' பிறந்தது. வசதி குறைந்தோர் பிரிவு. வினை பெயராகி, பெயர் ஒரு வகுப்பாகிவிட்டது. 2010-இல் வந்த பத்தாவது மலேசியத் திட்டத்துக்குப் பிறகு அந்த வகுப்புக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கிடைத்தன: பி40. வருமானத்தில் கீழே இருக்கும் நாற்பது விழுக்காட்டுக் குடும்பங்கள். இன்று ஈப்போவின் புந்தோங்கில் ஒரு முறுக்குக் கடையில் நின்று கேட்டால், "நாங்கல்லாம் பி40 சார்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இந்த நாட்டுத் தமிழர் கற்றுக்கொண்ட ஆங்கிலத் தொடர்களிலேயே, வாங்க முடியாமையைச் சொல்வதற்கு, இதைவிடப் பரவலானது வேறில்லை. எந்தப் பாடநூலிலும் இது கிடையாது.

தோட்டத்தில் ஆங்கிலம் புகுந்த வழியைப் பார்த்தால் மற்றொன்று புரியும். அதிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு', பெயர்ப் பட்டியலான 'செக்ரோல்', பால் நிறுக்கும் 'ஸ்டோர்', காய்ச்சலுக்கு மருந்து தரும் 'டிரஸ்ஸர்', குடியிருந்த 'லயன்', கூலியில் பிடித்துக்கொள்ளும் 'அட்வான்ஸ்'. இவை எல்லாம் ஆங்கிலச் சொற்கள் என்பதே மறந்து போகும் அளவுக்குத் தமிழாகிவிட்டவை. இவற்றில் ஒன்றாவது வாங்குவதைப் பற்றியதா? வேலை வாங்குவதைப் பற்றிய ஆங்கிலம்தான் தோட்டத்துக்கு வந்தது. பொருள் வாங்கும் ஆங்கிலம் நகரத்திலேயே தங்கிவிட்டது.

'கான்ட் அஃபோர்ட்' என்ற தொடர் மட்டும் தோட்டத்துக்கு வேறொரு வாய் வழியாக வந்து சேர்ந்தது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே உட்கார்ந்தவர்கள் தோட்ட முதலாளிகளின் சங்கத்தார். ரப்பர் விலை ஏறினால் கூலி கொஞ்சம் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற ஏற்பாட்டில் ஆண்டுகள் ஓடின. விலை இறங்கும்போதெல்லாம் தொழில்துறைக்குக் கட்டுபடியாகாது என்பதே அவர்களின் வாதம். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர்கள் அந்த வினையைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். 2013 சனவரியில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று சட்டம் வந்தபோதும், 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனபோதும், முதலாளிமார் தரப்பில் இதே வினை வேறு வேறு காலத்தில் திரும்ப வந்தது. நிறுவனங்களின் வாயில் 'கான்ட் அஃபோர்ட்' ஒரு கணக்கு. தனி மனிதர் வாயில் மட்டும் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஒலிக்கிறது.

ஆங்கிலமே ஒரு காலத்தில் கட்டுபடியாகாத சரக்காக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. அப்படிப் பெருகியவைதான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் இன்றும் நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கு அந்த விதையே காரணம். அந்தப் பள்ளிகளில் தமிழ் உண்டு, கணக்கு உண்டு. ஆங்கிலம் வேண்டுமென்றால் நகரத்துக்குப் போக வேண்டும். ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளி 1895-இலும், ஆண்டர்சன் பள்ளி 1909-இலும், செயின்ட் மைக்கேல் பள்ளி 1912-இலும் தொடங்கின. கட்டணம், சீருடை, காலணி, பேருந்துக் காசு என்று ஒவ்வொன்றும் ஒரு பால்வெட்டுக் குடும்பத்தின் கணக்கில் இடிக்கும். தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகன் போனான், டிரஸ்ஸரின் மகள் போனாள். 1962-இல் ஆரம்பக் கல்வி இலவசமானது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. அதாவது ஆங்கிலப் பள்ளியின் கதவு ஏழைக்கும் திறந்த கொஞ்ச காலத்திலேயே உள்ளே இருந்த ஆங்கிலம் இடம் மாறிவிட்டது. இதில் அரசியல் சரி தவறு பேச இது இடமில்லை. ஒரு தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த இடைவெளியில் விழுந்தார்கள் என்பது மட்டும் நான் வகுப்பில் முகம் முகமாகப் பார்த்த உண்மை.

இன்றைய தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை ஆங்கில ஆசிரியர்கள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. தமிழ்ப் பாடத்தில் 'செய்யுளும் மொழியணியும்' என்ற பகுதியில் பழமொழியும் மரபுத்தொடரும் மனப்பாடம். மலாய்ப் பாடத்தில் 'பெரிபஹாசா' மனப்பாடம். ஆங்கிலத்தில் 'இடியம்ஸ்' மனப்பாடம். மூன்றையும் மூன்று தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். பெட்டிகளைத் திறந்து பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது பாருங்கள். செலவைக் குறைப்பதற்கு நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டுகிறோம். மலாய்க்காரர் 'இக்காட் பெருத்', வயிற்றைக் கட்டு என்கிறார். ஆங்கிலேயர் இடுப்பு வாரை இறுக்கச் சொல்கிறார். மூன்று மொழியும் கை வைப்பது ஒரே வயிற்றில்தான். தகுதிக்கு மேல் செலவு செய்யாதே என்பதற்கு நம்மிடம் விரலுக்குத் தகுந்த வீக்கம். மலாயில் உன் உடம்பிலேயே சட்டையை அளந்து பார். ஆங்கிலத்தில் துணி இருக்கும் அளவுக்கே கோட்டு வெட்டு. மலாயும் ஆங்கிலமும் தையல்காரரிடம் போக, தமிழ் மட்டும் வைத்தியரிடம் போயிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த மூன்று இவை. ஆங்கிலத்தில் 'ஹேண்ட் டு மவுத்': கைக்கு வந்தது வாய்க்குப் போய்விடுகிறது, நடுவே எதுவும் தங்கவில்லை. மலாயில் 'காயிஸ் பாகி மாக்கான் பாகி, காயிஸ் பெத்தாங் மாக்கான் பெத்தாங்': கோழி மாதிரி காலையில் கிளறினால் காலைச் சாப்பாடு, மாலையில் கிளறினால் மாலைச் சாப்பாடு. தமிழில் ஒரே சொல்: அன்றாடங்காய்ச்சி. உலை வைப்பதையே வாழ்க்கையின் அளவாகக் கொண்ட சொல். இந்த மூன்றையும் பலகையில் எழுதிய நாளில், அதுவரை பேசாதிருந்த ஒரு பெண்மணி, "அப்ப எல்லா எனத்திலயும் நம்மள மாதிரி ஆளுங்க இருந்திருக்காங்க" என்றார். பாடம் அன்று அத்துடன் முடிந்தது. மேலே சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அலங்காரத் தொடர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. விலை அதிகம் என்பதற்குக் கையும் காலும் கொடுக்க வேண்டும் என்ற ஆங்கிலத் தொடர் இங்கே எல்லாப் பயிற்சி நூலிலும் உண்டு. அது பழமையான தொடர் அல்ல. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. மூக்கு வழியாகப் பணம் கட்டுவது என்ற தொடர் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. மூக்குக்கு வரி போட்டார்கள், கட்டாதவன் மூக்கை அறுத்தார்கள் என்ற கதைகளை ஆசிரியர்கள் ருசியோடு சொல்வார்கள், ஆதாரம் கிடையாது. இவற்றுக்கு நம்மிடம் யானை விலை குதிரை விலை, கழுத்தை அறுக்கிற விலை, சொத்தை எழுதிக் கேட்கிறான் என்று சளைக்காத சொற்கள் உள்ளன. மலாயில் 'செகிக் டாரா', ரத்தம் வர நெரிப்பது. இந்நாட்டு ஆங்கிலத்தில் "தட் ஷாப் கட் த்ரோட் ஒன்" என்பது அன்றாடப் பேச்சு. 'கட் த்ரோட்' என்ற ஆங்கிலச் சொல் வியாபாரத்தில் கடும் போட்டியைக் குறிக்கும். நாம் அதை விலையின் மேல் ஏற்றிவிட்டோம். தவறு என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் ஈப்போவில் யாருக்கும் அது புரியாமல் போகாது.

கை கால் தொடரை என் மாணவர்கள் யாரும் கடையில் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. விற்பவர் முகத்துக்கு நேராக அதைச் சொன்னால் வம்பு. வாங்கி முடித்துவிட்டு நண்பரிடம் பெருமையோடு புலம்புவதற்கான தொடர் அது. காசு கொடுக்க முடிந்தவரே அப்படிப் புலம்ப முடியும். 'வெள்ளை யானை' என்பதும் இப்படித்தான். சயாம் அரசர் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசளித்து, தீனி போட வைத்தே அழிப்பார் என்ற கதையிலிருந்து வந்தது. பராமரிக்க முடியாத, பயனில்லாத உடைமை என்று பொருள். மாணவர்கள் அதை வாங்க முடியாத பொருள் என்று எண்ணி எழுதுவார்கள். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்ற நம் வழக்கை நினைவுபடுத்தினால் போதும், பிழை வராது.

வெள்ளை யானைக்கு எடுத்துக்காட்டு தேடி சயாமுக்குப் போக வேண்டியதில்லை. பத்து காஜாவுக்குப் போனால் போதும். ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி, 1915-இல் அங்கே ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள், அங்கிருந்து செங்கல் வந்தது. மலாயாவின் முதல் மின்தூக்கி வைக்கத் திட்டம். நடுவே ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். பக்கத்தில் மாரியம்மனுக்குக் கோயில் எழும்பியது. அதன் கூரைச் சிலைகளுக்கு நடுவே தொப்பி வைத்த துரையும் நிற்கிறார். 1926-இல் லிஸ்பன் நகரில் கெல்லி இறந்தார். மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார். மாளிகை இன்றுவரை முற்றுப்பெறவில்லை. சுற்றுலாக் கையேடுகள் அதை 'அன்ஃபினிஷ்ட்' என்று அழகாகச் சொல்கின்றன. தோட்டத்து லயனில் பாதி சுவரோடு நின்ற சமையற்கட்டை யாரும் அப்படி அழைத்ததில்லை.

கடைத்தெரு ஆங்கிலம் வேறு வகை. இரவுச் சந்தையில் "கேன் லெஸ் ஆ?" என்றால் வேலை முடிந்தது. "போலே குராங்?" என்ற மலாயின் நேர் நிழல் அது. பாடநூல் தருவது "குட் யூ கிவ் மீ எ டிஸ்கவுன்ட், ப்ளீஸ்?" அதை அப்படியே சொன்ன என் மாணவர் ஒருவருக்கு, கடைக்காரர் அவரைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்து விலையை ஏற்றிச் சொன்னாராம். பணம் தீர்ந்துவிட்டது என்பதற்கு 'பொக்காய்' என்ற சொல் எல்லா இன இளைஞர் வாயிலும் உண்டு. கண்டோனீஸ் மொழியில் அது தெருவில் விழு என்ற வசவு. நாமும் நடுத்தெருவில் நிற்கிறோம் என்றுதானே சொல்கிறோம். எட்டாத இடத்துக்கு 'ஆத்தாஸ்': மலாயில் மேலே என்று பொருள், பேச்சில் பகட்டானது, பணக்காரத்தனமானது. "தட் கஃபே வெரி ஆத்தாஸ்" என்றால் நமக்குச் சரிப்படாது என்று அர்த்தம். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது: என்னால் முடியாது என்று சொல்லாமல், அந்த இடம் மிகை என்று சொல்லிவிடுகிறார்கள். கட்டுபடியாகாது என்ற தமிழின் நியாயம் இந்த நாட்டு ஆங்கிலத்துக்குள் வேறு வேடத்தில் புகுந்துகொண்டிருக்கிறது.

நல்ல ஆங்கிலத்திலும் இந்தச் சாமர்த்தியத்துக்கு வழி உண்டு. "இட்ஸ் எ பிட் அவுட் ஆஃப் மை பட்ஜெட்" என்பதில் எழுவாய் பொருள், குறை பட்ஜெட்டினுடையது. "இட்ஸ் மோர் தேன் ஐ வான்டட் டு ஸ்பென்ட்" என்பதில் இயலாமையே இல்லை, விருப்பம்தான். "லெட் மீ திங்க் அபவுட் இட்" என்றால் கதவு திறந்தே இருக்கிறது. "ஜஸ்ட் லுக்கிங்" என்ற இரண்டே சொல், கடைக்குள் சும்மா நடப்பதற்கான அனுமதிச் சீட்டு. ஆங்கிலம் பேசுகிற நடுத்தர வர்க்கத்தார் 'கான்ட் அஃபோர்ட்' என்று கடைக்காரரிடம் சொல்வது குறைவு, இவற்றைத்தான் சொல்கிறார்கள். நாமோ அகராதியின் நேர்ச் சொல்லைக் கற்றுக்கொடுத்து, நம் பிள்ளைகளை இயலாதவர் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். 2018-இல் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலைப் பின்பற்றி 'சூப்பர் மைண்ட்ஸ்', 'பல்ஸ் 2' போன்ற இறக்குமதிப் பாடநூல்கள் பள்ளிகளுக்கு வந்தபோது, உள்ளூர் வாழ்க்கை அவற்றில் இல்லை என்று எதிர்ப்பு எழுந்தது. உணவும் ஊர்ப் பெயரும் பற்றியே அதிகம் பேசினார்கள். கடைக்குப் போய் வாங்காமல் திரும்பி வருவது எப்படி என்று எந்த நூலும் சொல்லவில்லை என்பதை யாரும் குறிப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறை பழைய உள்ளூர் நூல்களிலும் இருந்தது.

இலக்கணப் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "ஐ நாட் அஃபோர்ட்" என்பது மலாயின் 'தாக்' செய்யும் வேலை. "ஃபார் மீ கான்ட் அஃபோர்ட்" என்பது நம் நான்காம் வேற்றுமை. "ப்ரைஸ் வெரி எக்ஸ்பென்சிவ்" என்பதில் தமிழும் மலாயும் சேர்ந்தே குற்றவாளிகள். ஆங்கிலத்தில் பொருள்தான் எக்ஸ்பென்சிவ், விலை ஹை. 'கான்ட் அஃபோர்ட் டு' என்று நீளும்போது காசே சம்பந்தப்படாமலும் போகும்: தாமதிக்க முடியாது, தோற்க முடியாது. ஒரு மாணவர் இதைத் தமிழாக்கி, "பஸ்ஸ விட எனக்குக் கட்டுபடியாகாது" என்று எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

'காஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு'தான் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். பாதி உண்மை. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்தைக் குறித்த 'காஷ்' போர்த்துகீசியர் வழியாகக் காசிலிருந்து போனது. ரொக்கம் என்ற பொருளுள்ள 'காஷ்' ஐரோப்பியப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. ஐயமில்லாமல் நாம் கொடுத்தவை வேறு. மலாயில் மூலதனத்துக்கு 'மோடால்', அது நம் முதல். கடைக்கு 'கெடாய்', அது நம் கடை. கடையும் முதலும் கொடுத்த இனம் கடனில் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு சொல் கொடுத்தோம். பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் 'கூட்டு'. கட்டுபடியாகாத தங்கத் தோடும் தையல் மெஷினும் லயன் வீடுகளுக்கு அப்படித்தான் வந்தன. மோசடிகள் பெருகவே 1971-இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற சொல் அப்படியே நிற்கிறது.

சட்டம் தடுக்காத ஒரு கூட்டும் நடந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் 10 வெள்ளி வீதம். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்த அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் கைக்கு வந்தது. ஒரு பால்வெட்டுக்காரர் தோட்டம் வாங்குவது நகைப்புக்குரிய பேச்சாக இருந்த காலம் அது. 'ஐ' என்று தொடங்கினால் முடியாத வாக்கியம் 'வீ' என்று தொடங்கியபோது முடிந்தது. அந்தச் சங்கத்தின் பிற்காலக் கதையில் கசப்பும் உண்டு. அது தனிக் கட்டுரை.

ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து, ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத் தொழில் ஓய்ந்தது. லயனை விட்டு இறங்கியவர்கள் நகரத்தின் ஓரத்தில் மலிவு விலை வீடு தேடினார்கள். அப்போது அவர்கள் கற்ற புதுச் சொல் 'அஃபோர்டபள்'. மலாயில் 'ரூமா மாம்பு மிலிக்', தமிழ் நாளேடுகளில் வாங்கும் சக்திக்கு உட்பட்ட வீடு. யாருடைய சக்தி? குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் விலை இருந்தால் அது கட்டுபடியாகும் வீடு என்பது உலகளவில் புழங்கும் ஓர் அளவுகோல். கசானா ஆய்வுக் கழகம் 2015-இல் கணக்கிட்டபோது, 2014-இல் மலேசியாவில் அது 4.4 மடங்காக இருந்தது. விளம்பரப் பலகையில் 'அஃபோர்டபள்' என்று எழுதியிருப்பதால் மட்டும் அது நமக்கானது ஆகிவிடாது என்பதை வகுப்பில் முதலில் புரிந்துகொண்டவர்கள் ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர்களே. பெயரடையை நம்பாத பழக்கம் அவர்களுக்குச் செக்ரோல் காலத்திலிருந்தே இருக்கிறது.

இன்று வாங்க முடியாத பொருள் என்று எதுவும் இல்லை என்கிற மாதிரி கடைகள் பேசுகின்றன. பிரிட்டனில் தவணைக் கடனுக்கு 'நெவர் நெவர்' என்று கேலிப் பெயர் இருந்தது, ஒருபோதும் தீராதது. இப்போது கைப்பேசியிலேயே 'பே லேட்டர்'. கடன் என்ற சொல்லும் இல்லை, வட்டி என்ற சொல்லும் இல்லை. பிறகு கொடு, அவ்வளவுதான். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம், ரொக்க விலை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, தவணைக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்கிறது. கடை வாசலில் தொங்கும் அட்டையோ மாதம் இவ்வளவு என்பதோடு நின்றுவிடும். மாதம் 49 வெள்ளி என்றால் சின்னத் தொகை. 36 மாதம் என்றால் 1,764 வெள்ளி. தோட்டத்தில் மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து எடை பார்த்தவர்களுக்கு இந்தப் பெருக்கல் கடினமே இல்லை. கேட்பதற்கு ஆங்கில வாக்கியம்தான் இல்லாமல் இருந்தது.

ஆகவே கடைசி வகுப்புகளில் நான் கை, கால், மூக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்: "ஹவ் மச் ஆல்டுகெதர்?" மொத்தம் எவ்வளவு. ஒரு சனிக்கிழமை, வகுப்பிலிருந்த ஓர் அம்மா பேரனுடன் குளிர்சாதனப் பெட்டி பார்க்கப் போனார். விற்பனைப் பையன் மாதத் தொகையைச் சொன்னான். அம்மா கேட்டார். அவன் மறுபடி மாதத் தொகையையே சொன்னான். "நோ, நோ. ஆல்டுகெதர்." பையன் மேசைக்குப் போய்க் கால்குலேட்டரைத் தேட ஆரம்பித்தான்.